ஏட்டுச் சுரைக்காய்கள்: அரிய ஆங்கிலச் சொற்களும் அகராதி தரும் பொருளும்

1. குளிர்கால வெயில்

1623இல் லண்டனில் ஒரு சிறிய அகராதி வெளிவந்தது. தொகுத்தவர் ஹென்றி காக்கரம். ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் நூல்களில் 'ஆங்கில அகராதி' என்ற பெயரை முதன்முதலில் தாங்கியது அதுதான். அதில் 'அப்ரிசிட்டி' என்றொரு சொல் இருக்கிறது. குளிர்காலத்து வெயிலின் இளஞ்சூடு என்பது அதற்குக் காக்கரம் தரும் பொருள். அதற்கு முன் ஆங்கிலத்தில் எவரும் அந்தச் சொல்லை எழுதியதற்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதி சான்று காட்டவில்லை. பின்னரும் அகராதிகளுக்கு வெளியே அது வேர் பிடிக்கவில்லை. 'வெயில் படுகிற' என்று பொருள்படும் லத்தீன் அடைமொழியிலிருந்து வந்த சொல் அது. அந்த லத்தீன் வேரில் வெயில் உண்டு, குளிர்காலம் இல்லை.

எவரும் பேசாத இந்தச் சொல் நான்கு நூற்றாண்டுகள் கழித்துப் புகழ் பெற்றிருக்கிறது. வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களின் தொகுப்புகள் இன்று ஏராளம். நாள்காட்டியிலும் பரிசுப் புத்தகத்திலும் தேநீர்க் கோப்பையிலும்கூட அவை அச்சாகின்றன. அவற்றில் அப்ரிசிட்டிக்குத் தவறாமல் இடம் உண்டு. அந்த இடத்தைப் பெற்றுத் தந்தது சொல்லின் ஓசையன்று, அதற்கு எழுதப்பட்ட பொருள்விளக்கம். பனி உறைந்த காலையில் முதுகில் படும் வெயிலுக்குத் தனியே ஒரு பெயர் இருக்கிறது என்ற எண்ணமே வாசகரைப் பிடித்துக்கொள்கிறது.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். வழக்கில் இல்லாத, அல்லது மிக அருகிய வழக்குள்ள ஒரு சொல்லுக்குத் தரப்படும் பொருள் எங்கிருந்து வருகிறது? 'மரம்' என்பதற்குப் பொருள் எழுதுபவர் தவறு செய்தால் ஊரே திருத்தும். அப்ரிசிட்டிக்குப் பொருள் எழுதியவரைத் திருத்த யாரும் இல்லை. அங்கே விளக்கம்தான் சொல்லுக்கு உயிர், உடல், பிறப்புச் சான்றிதழ் எல்லாம்.

2. இதுவரை சொல்லப்பட்டவை

ஆங்கில அகராதிகளின் தொடக்க வரலாற்றுக்கு நெடுங்காலமாக அடித்தளமாக இருப்பது டி விட் ஸ்டார்ன்ஸ், கெர்ட்ரூட் நாய்ஸ் இருவரும் எழுதி 1946இல் வெளியான ஆய்வு. 1604இல் வந்த முதல் அகராதி தொடங்கி 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி வரை ஒவ்வொன்றும் முந்தியவற்றிடமிருந்து எதை எடுத்தது என்று அவர்கள் வரிசை வரிசையாக ஒப்பிட்டுக் காட்டினார்கள். லத்தீன்-ஆங்கில அகராதிகளின் தலைச்சொற்களுக்கு ஆங்கில விகுதி ஒட்டித்தான் ஆங்கில அருஞ்சொற்களில் கணிசமானவை உண்டாயின என்பது அந்த ஒப்பீட்டில் வெளிப்பட்டது. ஆனால் அவர்கள் சொல்லும் கதை படிப்படியான முன்னேற்றத்தின் கதை. முதலில் அருஞ்சொல் மட்டும், பிறகு எளிய சொல்லும், பிறகு சொற்பிறப்பு, இறுதியில் ஜான்சன். அருஞ்சொல் அகராதி அந்த ஏணியின் கீழ்ப்படியாக நின்றுவிடுகிறது.

1989இல் யுர்கன் ஷேஃபரின் இரண்டு தொகுதிகள் இந்தப் படத்தைச் சற்றே மாற்றின. 1475 முதல் 1640 வரை அச்சான நூல்களின் முன்னும் பின்னும் ஒட்டியிருந்த சிறு சொற்பட்டியல்களை அவர் திரட்டினார். மருத்துவ நூலுக்கும் சட்ட நூலுக்கும் பழங்கவிதைக்கும் எழுதப்பட்ட அருஞ்சொற்பொருள் அவை. அகராதி என்ற தனிநூல் பிறக்குமுன்பே பொருள் எழுதும் பழக்கம் ஓங்கியிருந்ததை அது காட்டியது. பழைய அகராதிகளை ஒரே தரவுத்தளமாக்கிய டொரோண்டோ அறிஞர் இயன் லங்காஷர் இன்னொன்றை வலியுறுத்தினார்: அக்காலத்தவர் சொல்லின் பொருளை வரையறுக்கவில்லை, சொல் சுட்டும் பண்டத்தையே விவரித்தார்கள்.

மூன்றும் பயனுள்ள பார்வைகள். ஆனால் மூன்றும் அகராதியை எழுதியவர் பக்கத்திலிருந்தே பார்க்கின்றன. அருஞ்சொல் அகராதியின் விளக்கம் ஒரு திசையில் எழுதப்பட்டது, எதிர்த்திசையில் பயன்படுத்தப்பட்டது. நூலைப் படிக்கும்போது தடுக்கிவிழுந்த வாசகர் சொல்லிலிருந்து பொருளுக்குப் போக வேண்டும் என்று தொகுத்தவர் நினைத்தார். வாங்கியவர்களில் பலரோ பொருளிலிருந்து சொல்லுக்குப் போனார்கள். அரிய சொற்களின் வரலாற்றில் காணும் விசித்திரங்களில் பெரும்பாலானவை இந்தத் திசைமாற்றத்தால் விளைந்தவை என்பது என் கருத்து.

3. மைக்கொம்பும் பட்டியலும்

பதினாறாம் நூற்றாண்டில் லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வெள்ளமாக வந்தன. எழுதுகிறவர்கள் மை வைத்துக்கொள்ளும் கொம்புக் கலத்தின் பெயரால் அவற்றை 'மைக்கொம்புச் சொற்கள்' என்று எள்ளினார்கள். எழுத்துமேசையில் பிறந்தவை, வாயில் பிறக்காதவை என்பது அதன் உட்பொருள். தாமஸ் வில்சன் 1553இல் எழுதிய சொற்கலை நூலில் இந்தப் பைத்தியத்தைக் கிண்டல் செய்ய ஒரு போலிக் கடிதத்தைச் சேர்த்தார். வேலை வேண்டி ஒருவர் எழுதும் விண்ணப்பம் அது. லத்தீன் பகட்டால் வீங்கிக் கிடக்கும்.

அந்தக் கடிதத்தை இன்று படிப்பவருக்குச் சிரிப்பு வில்சன் எதிர்பார்த்த இடங்களில் எல்லாம் வராது. 'செலிப்ரேட்', 'டெக்ஸ்டெரிட்டி', 'அஃபபிலிட்டி' ஆகியவை அவர் நகைப்புக்காக அடுக்கியவை. இன்று அவை சாதாரணச் சொற்கள். அதே கடிதத்தில் உள்ள 'இன்ஜென்ட்', 'ஆப்டெஸ்டேட்' இரண்டும் செத்துப்போயின. 'இன்விஜிலேட்' என்பதும் அதில் உண்டு. எனக்காக விழித்திருந்து முயலுங்கள் என்ற பொருளில் அந்த விண்ணப்பதாரர் அதை எழுதுகிறார். நம் ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் 'இன்விஜிலேஷன் டியூட்டி' பார்க்கிறார்; கிண்டலுக்காக எழுதிய கடிதத்தில் இருந்த சொல் அது என்று சொன்னால் நம்ப மாட்டார்.

எதிரணியும் இருந்தது. கேம்பிரிட்ஜின் கிரேக்கப் பேராசிரியர் ஜான் சீக், மத்தேயு நற்செய்தியைத் தூய ஆங்கிலச் சொற்களால் மொழிபெயர்க்க முயன்றார். நூற்றுவர் தலைவனுக்கு 'ஹன்ட்ரடர்', பித்துப்பிடித்தவருக்கு 'மூன்ட்', உயிர்த்தெழுதலுக்கு 'கெய்ன்ரைசிங்'. தனித்தமிழ் விவாதங்களில் ஊறிய நமக்கு இந்த உழைப்பின் வாசனை உடனே பிடிபடும். லத்தீன் சொற்கள் ஒருபுறம் அருஞ்சொல் ஆயின என்றால், அவற்றைத் துரத்த வந்த இந்தத் தூய சொற்களும் அருஞ்சொல்லாகவே முடிந்தன.

எந்தச் சொல் பிழைக்கும், எது சாகும் என்பது தெரியாத இந்தக் காலத்தில்தான் ராபர்ட் காட்ரி தம் 'அகரவரிசைப் பட்டியல்' நூலை 1604இல் வெளியிட்டார். அவர் பள்ளி ஆசிரியர். ரட்லண்டில் திருச்சபைப் பணி செய்து, சடங்குகளில் மாறுபட்டதால் பதவி இழந்தவர். ஏறத்தாழ 2,500 சொற்கள். முதல் பதிப்பில் எஞ்சியிருக்கும் ஒரே படி ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் உள்ளது. வேதாகமத்திலும் பிரசங்கத்திலும் கேட்கும் கடினச் சொற்களை லத்தீன் படிக்க வாய்ப்பில்லாத சீமாட்டிகளும் பெண்களும் புரிந்துகொள்ள வேண்டும் என்று தலைப்புப் பக்கமே சொல்கிறது. அகரவரிசையில் எப்படித் தேடுவது என்றும் முன்னுரையில் கற்றுக்கொடுக்கிறார். அதுவும் அன்று புதுப் பாடம்.

காட்ரியின் விளக்கங்கள் பெரும்பாலும் ஒரு சொல், இரண்டு சொல். சொல்லுக்கு நிகர்ச்சொல் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். எட்மண்ட் கூட் 1596இல் வெளியிட்ட பள்ளிப் பாடநூலின் பட்டியலிலிருந்தும் தாமஸ் தாமஸின் லத்தீன் அகராதியிலிருந்தும் நிறைய எடுத்துக்கொண்டார். எல்லாருக்கும் தெரிந்த சொல்லுக்கு அவர் பொருள் எழுதவில்லை. வெளிப்படையான சொல்லை விளக்க வேண்டியதில்லை, வெளிப்படாததை விளக்கினால் போதும் என்பது தொல்காப்பிய உரியியலும் கொண்ட நிலைப்பாடுதான். இரண்டுக்கும் இடையே தொடர்பு கிடையாது. படிப்பவரின் தேவையிலிருந்து தொடங்கும் எவரும் இந்த முடிவுக்குத்தான் வருவார்கள்.

1616இல் ஜான் புல்லோக்கர் என்ற மருத்துவர் தம் அகராதியில் ஒரு சிறு புதுமை செய்தார். பழைய ஆசிரியர் சிலர் மட்டும் ஆண்டு, பின் வழக்கொழிந்த சொற்களுக்கு அருகில் ஒரு நட்சத்திரக் குறி இட்டார். கடினச் சொல் வேறு, பழஞ்சொல் வேறு என்று ஆங்கில அகராதி ஒன்று பிரித்துப் பார்த்த தொடக்கம் அது. சிறிய குறிதான். ஆனால் இந்தச் சொல்லை எடுத்து ஆளாதே, படித்தால் மட்டும் புரிந்துகொள் என்று அது வாசகரிடம் சொன்னது.

4. காக்கரமின் இரண்டாம் பகுதி

காக்கரம் அந்த எச்சரிக்கையைத் தலைகீழாக்கினார். அவருடைய அகராதிக்கு மூன்று பகுதிகள். முதல் பகுதி அருஞ்சொல்லுக்கு எளிய பொருள் தருகிறது. மூன்றாவது தெய்வங்கள், விலங்குகள், பறவைகள் பற்றியது. இரண்டாவதுதான் நம் கவனத்துக்குரியது. அதில் வரிசையின் தலையில் நிற்பது எளிய சொல். அதற்கு எதிரே அதைவிட நயமான, படித்தவர் வாயில் வரத்தக்க சொல் தரப்படுகிறது. பேச்சுக்குச் சரிகை வைத்துத் தைக்க விரும்புகிறவருக்கான பகுதி அது.

முதல் பகுதியும் இரண்டாம் பகுதியும் ஒரே நூலில் இருப்பது தற்செயலாகத் தோன்றலாம். ஆனால் அதன் விளைவு ஆழமானது. விளக்கம் என்பது சமன்பாடாக மாறிவிடுகிறது. இந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம், அந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம். மாட்டுக்காரப் பையனைப்போலக் கத்துவதற்கு 'புபல்சிடேட்' என்று ஒரு வினைச்சொல்லைக் காக்கரம் தருகிறார். ஆங்கிலேயர் எவரும் அந்தச் சொல்லைக் கேட்டு முழித்துக்கொண்டு அகராதியைப் புரட்டியிருக்க முடியாது. அதைச் சொல்ல ஆளே இல்லை. லத்தீன் அகராதியில் இருந்த வினைக்கு ஆங்கில வாலை ஒட்டியதுதான் வேலை. இருந்தும் வாங்குகிறவருக்கு அது பயன்படும். கத்துகிறவனைக் கத்துகிறான் என்று சொல்லாமல் புபல்சிடேட் செய்கிறான் என்று சொல்லலாமே.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். காக்கரம் வரைந்து வைத்ததில் பாதி அப்படிப்பட்ட சுரைக்காய். இருந்தாலும் அவரைப் பகட்டர் என்று ஒதுக்கிவிட நான் தயங்குகிறேன். இளம் மாணவர், எழுத்தர், வணிகர், அயல்நாட்டார் எல்லாரையும் அவருடைய தலைப்புப் பக்கம் அழைக்கிறது. லத்தீன் படித்த ஆண்களின் சிறு கூட்டத்துக்குள் நுழையச் சொல்லே அனுமதிச்சீட்டாக இருந்த காலம். அந்தச் சீட்டை அவர் மலிவு விலையில் அச்சடித்து விற்றார். ஜான்சனுக்குத் தேவைப்படாத உதவி அது; கடை எழுத்தருக்குத் தேவைப்பட்டது.

1656இல் வழக்கறிஞர் தாமஸ் பிளன்ட் வெளியிட்ட 'குளாசோகிராஃபியா' 11,000 சொற்களைக் கொண்டது. அவர் ஒரு படி மேலே போனார். தம் வாசிப்பில் தாமே தடுக்கிய சொற்களைச் சேர்த்தார். பல இடங்களில் அந்தச் சொல்லை ஆண்ட ஆசிரியர் பெயரையும் குறித்தார். ஆங்கில அகராதிக்குள் சாட்சி நுழைந்தது இங்கேதான். இரண்டே ஆண்டில் மில்டனின் சகோதரி மகன் எட்வர்ட் பிலிப்ஸ் அவர் நூலிலிருந்து வாரிக்கொண்டு தம் அகராதியை வெளியிட்டார். எரிச்சலடைந்த பிளன்ட், பிலிப்ஸின் பிழைகளைப் பட்டியலிட்டு 1673இல் தனி நூலே எழுதினார். அவர் பிடித்த பிழைகளில் சில பிலிப்ஸ் தம்மிடமிருந்தே எடுத்தவை என்பதுதான் வேடிக்கை.

5. பின்னோக்கிப் படித்த சிறுவன்

எதிர்த்திசைப் பயன்பாட்டுக்கு மிகத் துயரமான சான்று தாமஸ் சாட்டர்ட்டன். பிரிஸ்டலில் 1752இல் பிறந்து 1770இல், பதினெட்டு நிறையுமுன் இறந்தவர். பதினைந்தாம் நூற்றாண்டுத் துறவி தாமஸ் ரௌலி எழுதியவை என்று சொல்லிச் சில கவிதைகளை அவர் வெளிக்கொண்டுவந்தார். ரௌலி என்ற கவிஞர் இருந்ததே இல்லை. 1777இல் கவிதைகள் நூலாக வந்தபோது அறிஞர் உலகம் இரண்டாகப் பிளந்தது.

வழக்கை இறுதியாக முடித்துவைத்தவர் வால்ட்டர் ஸ்கீட், 1871இல். ஜான் கெர்சி 1708இல் வெளியிட்ட அகராதியைத் திறந்தால் போதும் என்று அவர் காட்டினார். கெர்சி பழஞ்சொற்களுக்கு அருகில் 'ஓ' என்ற எழுத்தை இட்டிருந்தார். பழையது என்பதன் குறுக்கம். சாட்டர்ட்டன் அந்த 'ஓ' குறியுள்ள சொற்களையெல்லாம் பொறுக்கித் தமக்கென ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டார். அதில் ஒரு பக்கம் இன்றைய சொல், மறுபக்கம் பழஞ்சொல். தம் காலத்து ஆங்கிலத்தில் கவிதை எழுதி, பிறகு பட்டியலைப் பார்த்துச் சொற்களை மாற்றினார்.

பிடிபட்டது எப்படி? ஆறுதல் என்ற பொருளில் நடுக்கால ஆங்கிலத்தில் 'செரிசான்ஸ்' என்று ஒரு சொல் உண்டு. கெர்சியின் அகராதியில் அதன் கடைசி எழுத்துகள் குழம்பி 'செரிசானி' என்பதுபோல் அச்சாகிவிட்டது. சாட்டர்ட்டனின் 'ஏல்லா' நாடகத்தில் அந்தப் பிழை அப்படியே வருகிறது. பதினைந்தாம் நூற்றாண்டுத் துறவி பதினெட்டாம் நூற்றாண்டு அச்சுப்பிழையில் எழுத முடியாது. கெர்சி வேண்டாம் என்பதற்காக இட்ட குறி, சாட்டர்ட்டனுக்கு வேண்டும் என்பதற்கான குறியாகிவிட்டது. அகராதியின் குற்றம் இதில் எவ்வளவு என்று கேட்டால், ஓரளவு உண்டு என்றே சொல்வேன். கெர்சி சொல்லுக்கு எதிரே ஒற்றைச் சொல்லை வைத்தார். அந்தச் சொல் யாரிடம், எந்த இடத்தில், எந்தத் தொனியில் வந்தது என்று ஒரு வரி இருந்திருந்தால் சமன்பாடு அவ்வளவு எளிதில் திரும்பியிருக்காது.

6. அச்சுக்கோப்பவரின் கை

மேற்கோள் இருந்தால் மட்டும் தப்பிவிடலாமா? ஜான்சனிடமே போவோம். 1755 அகராதி ஏறத்தாழ 42,000 தலைச்சொற்களும் 1,10,000க்கு மேற்பட்ட மேற்கோள்களும் கொண்டது. பிற அகராதிகளில் மட்டும் கண்ட சொற்களுக்கு அந்த அகராதியின் பெயரையே சாட்சியாக வைத்து, பொறுப்பைத் தள்ளிவிடும் கவனமும் அவருக்கு இருந்தது. அப்படிப்பட்டவர் 'ஃபூப்' என்ற வினைச்சொல்லுக்குத் திடீர் வேகத்துடன் உந்துதல் என்று பொருள் எழுதி, வழக்கொழிந்த சொல் என்றும் குறிப்பிட்டார். மேற்கோள் வில்லியம் கேம்டனுடையது. வடக்கத்தி இனத்தார் தொண்டையிலிருந்து சொற்களை வீசும் விதம்பற்றிய வாக்கியம்.

கேம்டன் எழுதியது 'ஸூப்'. இன்றைய 'ஸ்வூப்'தான் அது. பழைய அச்சில் எஸ் எழுத்துக்கு நீண்ட வடிவம் ஒன்று உண்டு. பார்வைக்கு எஃப் போலவே இருக்கும். அந்த மயக்கத்தில் பிறந்தது ஜான்சனின் சொல். புள்ளி இல்லாத மெய்யோடும் ரகரம்போலவே தோன்றும் காலோடும் ஓலைச்சுவடியில் மல்லுக்கட்டிய பதிப்பாசிரியர்களின் அனுபவத்தைப் படித்தவர்களுக்கு இது விளங்கும். இந்தப் பிழையில் கவனிக்க வேண்டியது, விளக்கம் ஏறத்தாழச் சரி என்பதுதான். ஜான்சன் வாக்கியத்தைப் பார்த்துப் பொருளை ஊகித்தார்; ஊகம் பலித்தது; சொல்தான் இல்லை. வழக்கொழிந்த சொல் என்று அவர் சேர்த்த குறிப்போ இன்னும் பரிதாபம். ஒழிய அது ஒருநாளும் வழக்கில் இருந்ததில்லை.

இத்தகைய சொற்களுக்குப் 'பேய்ச்சொல்' என்று பெயர் வைத்தவர் மேலே சொன்ன ஸ்கீட்தான், 1886இல் மொழியியல் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில். அவர் சொன்ன சான்றுகளில் எனக்குப் பிடித்தது 'மோர்ஸ்'. வால்ட்டர் ஸ்காட்டின் 1820ஆம் ஆண்டு நாவல் 'தி மொனாஸ்டரி'யில், கொலை எண்ணங்களை இவ்வளவு விரைவில் மோர்ஸ் செய்கிறாயா என்பதாக ஒரு கேள்வி வருகிறது. பதிப்புக்குப் பின் பதிப்பாக அப்படியே அச்சாயிற்று. பொருள் கேட்டபோது இருவர் விளக்கம் எழுதினார்கள். ஒருவர் பழைய பிரெஞ்சுச் சொல்லைக் காட்டி, துப்பாக்கிக்கு மருந்து கிட்டிப்பதுபோல் எண்ணத்தைத் தயார் செய்தல் என்றார். மற்றவர் லத்தீன் வேரைக் காட்டி, கடித்தல் என்றார். இரண்டும் கற்றறிந்த விளக்கங்கள். இரண்டுக்கும் சொற்பிறப்பு உண்டு. ஸ்காட்டின் கையெழுத்தில் இருந்தது 'நர்ஸ்'. எண்ணங்களைப் பாலூட்டி வளர்க்கிறாயா என்பதுதான் கேள்வி.

இந்தியாவைத் தொட்ட பேயும் உண்டு. 1808இல் 'எடின்பரோ ரெவ்யூ' இதழில் இந்துக்களின் நேர்த்திக்கடன்கள் பற்றிய இடத்தில், சிலர் கைகளில் 'கைம்'களைக் குத்திக்கொள்கிறார்கள் என்று அச்சாகியிருக்கிறது. ஏதோ இந்தியக் கருவி என்று பிரிட்டிஷ் வாசகர் நினைத்துக்கொள்ள எல்லா நியாயமும் இருந்தது. அது கத்திகளைக் குறிக்கும் 'நைவ்ஸ்' என்பதன் அச்சுப்பிழை. தொலைதூரத்துச் சமூகத்தைப் பற்றிய எழுத்தில் பேய்ச்சொல் சுலபமாகக் குடியேறும். அங்கே புரியாத சொல் வருவது இயல்பு என்று வாசகர் முன்கூட்டியே ஒத்துக்கொண்டுவிடுகிறார்.

அமெரிக்காவின் 'டோர்ட்' கதை பலரும் அறிந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். வெப்ஸ்டர் பேரகராதியின் 1934ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் அடர்த்தி என்ற பொருளுடன் அந்தச் சொல் ஏறியது. வேதியியல் பதிப்பாசிரியர் அனுப்பிய சீட்டில் இருந்தது சொல்லே அன்று. அடர்த்திக்குப் பெரிய 'டி' அல்லது சிறிய 'டி' என்ற எழுத்தைச் சுருக்கமாக இடலாம் என்ற குறிப்பு. 'அல்லது' என்பதற்கான ஆங்கிலச் சொல் நடுவில் ஒட்டிக்கொண்டு முழுச்சொல் ஆகிவிட்டது. உச்சரிப்பும் சேர்த்தார்கள். 1939இல் ஒரு பதிப்பாசிரியர் இதற்குச் சொற்பிறப்பு இல்லையே என்று தேடப்போய்க் குட்டு வெளிப்பட்டது. அகராதி அலுவலகத்தில் யாருக்கும் அந்தச் சொல்லின் பொருளில் ஐயம் எழவில்லை. பொருள்தான் கச்சிதமாக இருந்ததே.

7. மேற்கோள் என்னும் சாட்சி

1857இல் ரிச்சர்ட் செனவிக்ஸ் டிரெஞ்ச் மொழியியல் சங்கத்தில் ஆங்கில அகராதிகளின் குறைகளைப் பற்றிப் பேசினார். அகராதி செய்பவர் சொற்களின் வரலாற்றாசிரியர், அவற்றுக்கு நீதிபதி அல்லர் என்பது அவருடைய அடிப்படை. அதிலிருந்து வளர்ந்ததே ஆக்ஸ்ஃபோர்டு அகராதி. முதல் பகுதி 1884இல் வந்தது, 1928இல் முடிந்தது. 4,14,825 சொற்கள், 18 லட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள். வழக்கொழிந்த சொல்லுக்கு முன் குறுவாள் குறி. புல்லோக்கரின் நட்சத்திரம் வாளாக மாறியது.

ஆனால் மேற்கோள் சேகரித்துத் தந்தவர்கள் மனிதர்கள்தானே. பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மரே தொடக்கத்திலேயே ஒரு குறையைக் கண்டார். 'அப்யூஷன்' என்ற அரிய சொல்லுக்குச் சுமார் 50 சீட்டுகள் வந்திருந்தன. அன்றாடச் சொல்லான 'அப்யூஸ்'க்கு ஐந்துகூடத் தேறவில்லை. தன்னார்வ வாசகரின் கண் அரியதில் போய் ஒட்டியது. பழகிய சொல்லை அவர் பார்க்கவே இல்லை. காட்ரியின் பட்டியல் ஒழிந்து இரண்டரை நூற்றாண்டு கழிந்தும் வாசகரின் கைக்குள் அதே பட்டியல் இருந்தது.

மேற்கோள் வெறும் இருப்புச் சான்று மட்டுமன்று, பொருளின் பகுதியும்கூட. 'அல்ட்ராகிரெபிடேரியன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தமக்குத் தெரியாத துறையில் கருத்துச் சொல்பவர் என்று இன்றைய அரியசொல் தொகுப்புகள் பொருள் தருகின்றன. சரியான விளக்கம்தான். வில்லியம் ஹாஸ்லிட் 1819இல் இதழாசிரியர் வில்லியம் கிஃபோர்டைத் தாக்கி எழுதிய கடிதத்தில் அது வருகிறது. அதன் பின்னே பிளினி சொல்லும் கதை இருக்கிறது. அப்பெலஸ் என்ற ஓவியரிடம் செருப்புத் தைப்பவர் ஒருவர் ஓவியத்தில் செருப்பின் குறையைச் சொன்னார், ஓவியர் திருத்தினார். மறுநாள் அவர் ஓவியத்தில் இருந்த காலைப் பற்றியும் குறை சொன்னபோது, செருப்புக்கு மேலே போகாதே என்றார் ஓவியர். கிஃபோர்டு இளமையில் செருப்புத் தைப்பவரிடம் பயிற்சிப் பணியாளாக இருந்தவர். சொல்லின் விஷம் அங்கேதான் இருக்கிறது. தொழிலைச் சொல்லி இழிவுபடுத்தும் வசை அது, அதுவும் சனநாயகவாதி ஒருவரின் பேனாவிலிருந்து. தொகுப்பில் மேற்கோள் போய், விளக்கம் மட்டும் நிற்கும்போது வசை நீங்கி நகைச்சுவை மிஞ்சுகிறது. செருப்புத் தைப்பவர்மீது ஏவப்பட்டது என்று தெரிந்த பிறகு அதைக் குறும்பாக எடுத்து ஆள எனக்குக் கை வரவில்லை.

8. கறியான சுரைக்காய்

பிழையில் பிறந்தது, சாட்சியில்லாதது என்று எல்லாவற்றையும் தள்ளிவிட முடியுமா? முடியாது என்பதற்கு 'டெரிங்-டூ' சாட்சி. ஜெஃப்ரி சாசர் 1380களில் டிராய்லஸ் கதையைப் பாடும்போது, வீரனுக்கு உரியதைச் செய்யத் துணிதல் என்று எழுதினார். துணிதல் ஒரு வினை, செய்தல் ஒரு வினை. இரண்டும் வாக்கியத்தில் அடுத்தடுத்து நின்றன, அவ்வளவே. ஜான் லிட்கேட் அந்தத் தொடரை எடுத்தாண்டார். பதினாறாம் நூற்றாண்டு அச்சுப் பதிப்புகளில் எழுத்து சற்றே மாறி, இரண்டும் ஒட்டிய தோற்றம் வந்தது. எட்மண்ட் ஸ்பென்சர் அதைப் பெயர்ச்சொல் என்று கொண்டு 1579இல் தம் இடையர் பாடல்களில் ஆண்டார். 'ஈ.கே.' என்ற முதலெழுத்துகளில் மறைந்துகொண்ட உரையாசிரியர் அந்த நூலிலேயே வீரம், ஆண்மை என்று அரும்பத உரை எழுதிவிட்டார். ஸ்காட் 'ஐவன்ஹோ'வில் அதை எடுத்து, தாமும் அடிக்குறிப்பு இட்டார். பிறகு சாகசக் கதைகள், திரைப்பட விமரிசனங்கள் என்று அது பரவியது.

பழைய அரசர்களின் மகுடத்தொப்பி என்று பல அகராதிகள் பொருள் சொன்ன 'அபகாட்' என்ற சொல்லும் இதே வகைப் பிறப்புதான். 'பைகாக்கெட்' என்ற தொப்பியின் பெயர் வரலாற்று நூல்களில் பதிப்புக்குப் பதிப்பு சிதைந்து உருவானது. மரே அதை ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் சொல்லாக ஏற்க மறுத்தார். 1933இல் வந்த துணைத்தொகுதியின் இறுதியில் போலிச் சொற்களுக்கென்றே ஒரு பட்டியல் உண்டு. டெரிங்-டூவுக்கோ அகராதியின் உள்ளே இடம் கிடைத்தது. பிறப்பை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே நீதி கிடைத்திருக்க வேண்டும். வேறுபாடு இதுதான்: அபகாட்டை அகராதியிலிருந்து அகராதிக்கு நகலெடுத்தார்கள், டெரிங்-டூவைக் கதையில் எடுத்து ஆண்டார்கள்.

வழக்குதான் நீதி என்றால் அப்ரிசிட்டியின் நிலை என்ன? இன்று அதை எழுதுகிறவர்கள் உண்டு. குளிர்காலம் வந்தால் செய்தித்தாள் பத்திகளில்கூடத் தலைகாட்டுகிறது. ஆனால் நான் கண்ட இடங்களிலெல்லாம் அதன் பக்கத்திலேயே ஓர் அடைப்புக்குறியோ இணைப்புக் கோடோ நின்று, குளிர்காலத்து வெயிலின் சூடு என்று காக்கரம் எழுதியதைத் திரும்பச் சொல்கிறது. டெரிங்-டூவும் ஈ.கே.யின் உரையோடும் ஸ்காட்டின் அடிக்குறிப்போடும் அப்படித்தான் புறப்பட்டது. அந்த அடிக்குறிப்பு ஸ்காட்டுக்குப் பின் வந்தவர்களின் பக்கங்களில் இல்லை.